தமிழ்ச் சிறார்க்கு ஆங்கிலம்: பிழையின் வேரும் பயிற்சியின் நெறியும்

பள்ளிக்கு வரும் பிள்ளை மொழியறியாத பிள்ளையன்று. தாயின் மடியிலும் வீட்டு முற்றத்திலும் ஐந்தாறு ஆண்டுகள் கேட்டும் பேசியும் பழகிய முழுமையான ஓர் இலக்கணத்தைத் தன்னுள்ளே கொண்டே அது வகுப்பறையுட் புகுகின்றது. எழுவாய், பயனிலை, வேற்றுமை என்னும் பெயர்களை அஃது அறியாது. ஆயின், ‘நாயைப் பூனை துரத்தியது’ என்பதற்கும் ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்பதற்கும் உள்ள பொருள் வேறுபாட்டில் ஒருபோதும் மயங்காது. இத்தகைய பிள்ளை ஆங்கிலம் கற்கத் தொடங்கும்பொழுது செய்யும் பிழைகளுட் பல, தன் தமிழறிவை ஆங்கிலத்தின்மேல் ஏற்றுவதனால் விளைவன. பிழையின் வேர் தமிழில் இருக்குமாயின், அதனைக் களையும் வழியையும் தமிழிலக்கணமே காட்டும். இக்கருத்தை நிறுவி, இளஞ்சிறார்க்குரிய ஆங்கில இலக்கணப் பயிற்சியும் சொற்பயிற்சியும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டில் ஆங்கிலம்

கம்பளையைச் சூழ்ந்த மலைநாட்டில் இப்பொருள் தனிச்சிறப்பு உடையது. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் இப்பகுதியிற் கோப்பித் தோட்டம் அமைத்தார். 1873இல் புகையிரதப் பாதை கம்பளையை எட்டியது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரும் தோட்டத்தின் கணக்கும் கடிதமும் ஆங்கிலத்திலேயே நடந்தன. தொழிலாளர் பேசிய மொழியோ தமிழ். இவ்விரண்டிற்கும் இடையே நின்றவர் சிலரே. அச்சிலரிடமே செல்வாக்கும் தங்கியது. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை நெடுங்காலம் தாய்மொழியில் எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு அமைந்தன. ஆங்கிலக் கல்வி நகரத்துக் கட்டணப் பாடசாலைகளுக்கே உரியதாயிருந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபொழுதும் அதன் பயன் தோட்டங்களை விரைவில் எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களிலேயே பெரிதும் நிகழ்ந்தது.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் ஆங்கிலம் தன் பழைய இடத்தை இழந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்புமொழி என வகுத்தது. சட்டத்தில் அதன் இடம் மாறினும் வாழ்க்கையில் அதன் வலிமை குன்றவில்லை. இலங்கைப் பல்கலைக்கழக மாணவரிடையே ஆங்கிலத்திற்கு ‘கடுவ’ என்றொரு பெயர் வழங்கி வந்துள்ளது. வாள் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். கையில் வாள் உடையோன் இல்லாதோனை வீழ்த்துவான் என்பது அதன் குறிப்பு. இப்பெயர் ஆங்கிலத்தின்மீது எழுந்த வெறுப்பினால் மட்டும் பிறந்ததன்று. அது தமக்குச் செம்மையாகக் கற்பிக்கப்படவில்லை என்னும் ஏக்கத்தினாலும் பிறந்தது. அவ்வேக்கத்தின் தொடக்கம் பல்கலைக்கழகத்தில் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை முதல் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி, பிறர் நகைக்க, வாயை மூடிக்கொண்ட அந்நாளில் உள்ளது.

பிழையை நோக்கும் முறை

பிழையை அறிஞர் நோக்கிய முறை காலந்தோறும் மாறி வந்துள்ளது. றொபேட் லாடோ என்னும் அமெரிக்க அறிஞர் 1957இல் வெளியிட்ட நூலில், கற்பவனுடைய தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டு நோக்கினால் அவன் இடறும் இடங்களை முன்கூட்டியே அறியலாம் என்றார். பத்தாண்டுகளின் பின், 1967இல், பிட் கோடர் என்பார் பிழைகள் யாவும் தாய்மொழியால் விளைவன அல்ல எனவும், பிழை என்பது கற்பவன் தானே விதி வகுக்க முயல்வதன் அடையாளம் எனவும் விளக்கினார். ‘போ’ என்னும் பொருளுடைய ‘கோ’ என்பதன் இறந்தகாலம் ‘வென்ட்’ என்பதாம். அதனைக் ‘கோட்’ எனப் பிள்ளை சொல்லுமாயின், அஃது இறந்தகால விதியைக் கற்றுக்கொண்டது என்றே பொருள். ஆங்கிலக் குழந்தைகளும் இவ்வாறே சொல்லுவர். ஆகவே, பிழையைக் கண்ட ஆசிரியர் முதலில் வினவற்பாலது ஒன்று: இப்பிழை தமிழிலிருந்து வந்ததா, அன்றி ஆங்கில விதியை மிகைபடப் பொருத்தியதால் வந்ததா? முன்னையது ஒப்புமை காட்டி விளக்கற்குரியது. பின்னையது பழக்கத்தால் தானே நீங்கும். அதனைக் கடிதல் தகாது.

இடமும் உருபும்

தமிழில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பது இயல்பான முறை. ஆங்கிலத்திற் பயனிலை நடுவே நிற்கும். ‘குமரன் மாம்பழம் தின்றான்’ என்பது ஆங்கிலத்திற் ‘குமரன் ஏட் எ மேங்கோ’ என்றாகும். இவ்வேறுபாட்டை எல்லா ஆசிரியரும் கூறுவர். இதன் காரணத்தைக் கூறுவோர் சிலரே.

தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ செயப்படுபொருளை அடையாளங் காட்டுகின்றது. ஆதலின், சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அவ்வுருபு இல்லை. உருபு செய்யும் தொழிலை அங்கே இடம் செய்கின்றது. வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள். ‘தி டாக் சேஸ்ட் தி கேட்’ என்பதில் நாயையும் பூனையையும் இடம் மாற்றினால் துரத்தியது பூனையாகிவிடும். இதனைப் பிள்ளைகள் நாயாகவும் பூனையாகவும் நின்று நடித்துக் காண்பராயின், வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

ஏனைய வேற்றுமை உருபுகளின் தொழிலை ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. தமிழில் உருபு பெயருக்குப் பின் வரும். ஆங்கிலத்தில் இடைச்சொல் பெயருக்கு முன் வரும். இவ்வளவே ஆயின் இடர்ப்பாடு இல்லை. தமிழின் ஓர் உருபுக்கு ஆங்கிலத்திற் பல சொற்கள் உண்மையே இடர்ப்பாடு. ‘கம்பளையில்’, ‘சுவரில்’, ‘வாயிலில்’ என மூவிடத்தும் தமிழில் ‘இல்’ ஒன்றே வருகின்றது. ஆங்கிலம் ஒன்றினுள்ளே அடங்குவதற்கு ‘இன்’ என்றும், ஒன்றின்மேற் படிவதற்கு ‘ஒன்’ என்றும், ஒரு புள்ளியாகக் கருதும் இடத்திற்கு ‘அட்’ என்றும் பிரிக்கின்றது. காலத்திற்கும் இப்பிரிவு பொருந்தும்: ஆண்டும் மாதமும் ‘இன்’ பெறும், நாளும் திகதியும் ‘ஒன்’ பெறும், மணி ‘அட்’ பெறும். பரந்த காலத்திலிருந்து குறுகிய காலத்திற்கு இறங்கும் படிகளாக இம்மூன்றையும் கரும்பலகையில் வரைந்து காட்டுதல் நன்று.

நான்காம் வேற்றுமை இன்னும் நுட்பமானது. ‘பள்ளிக்குப் போனான்’ என்பதிற் ‘கு’ உருபுக்கு ‘டு’ வரும். ‘தங்கைக்கு வாங்கினான்’ என்பதில் ‘ஃபோர்’ வரும். ‘ஐந்து மணிக்கு வந்தான்’ என்பதில் ‘அட்’ வரும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதிலோ ஆங்கிலம் எச்சொல்லும் வேண்டாது, பசித்தவனையே எழுவாயாக்கி ‘ஐ ஆம் ஹங்கிரி’ என்கின்றது. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதும் இவ்வாறே ‘ஐ ஹேவ் எ புக்’ என்றாகும். தமிழிற் பொருள் ஒருவனிடம் இருக்கின்றது. ஆங்கிலத்தில் ஒருவன் பொருளை உடையனாகின்றான். இவ்வாக்கியங்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க இயலாது. முழு வாக்கியமாகவே பழக்குதல் வேண்டும்.

தோன்றாதனவும் தோன்ற வேண்டியனவும்

‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் நிறைவுற்ற வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்பதால் இலக்கண நூலார் இதனைப் பெயர்ப்பயனிலை என்பர். ஆங்கிலம் வினையின்றி நில்லாது. ‘ஹி இஸ் எ டீச்சர்’ என்றே சொல்லுதல் வேண்டும். பிள்ளை ‘ஹி டீச்சர்’ என்று சொல்லுங்கால் அது தமிழின் பெயர்ப்பயனிலையைச் செம்மையாகப் பயன்படுத்துகின்றது. ஆசிரியர் இதனை அறிந்தால், ‘ஆம், இஸ், ஆர்’ என்னும் மூன்றையும் முதற் பருவத்திலேயே வலியுறுத்துவார்.

எழுவாயின் நிலையும் இத்தகையதே. ‘வந்தேன்’ என்னும் ஒரு சொல்லில் வந்தவன், காலம், எண் யாவும் அடங்கியுள்ளன. ‘வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள்’ என விகுதியே எழுவாயை உணர்த்துவதால், தமிழில் எழுவாய் தோன்றாது நிற்றல் இயல்பு. ஆங்கிலத்தில் இவை அனைத்திற்கும் ‘கேம்’ என்னும் ஒரே வடிவந்தான். விகுதி இல்லாத மொழியில் எழுவாயை வெளிப்படச் சொல்லாவிடின் வந்தவர் எவர் என்பது புலப்படாது. நிகழ்காலத்தில் மட்டும் படர்க்கை ஒருமைக்கு ‘ஸ்’ என்னும் சிறு விகுதி எஞ்சியுள்ளது: ‘ஐ கம்’, ஆனால் ‘ஹி கம்ஸ்’. தமிழின் விகுதிகள் அனைத்தையும் எளிதிற் கையாளும் பிள்ளை இவ்வொன்றை மறப்பது வியப்பாகத் தோன்றலாம். எழுவாய் முன்னரே சொல்லப்பட்டமையால் இவ்விகுதி புதிய பொருளொன்றையும் தருவதில்லை. மறத்தற்குக் காரணம் அதுவே.

பன்மை விகுதி விடுபடுதற்கும் தமிழே காரணம். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என இருவகையாகவும் வருதலின், ‘மாடு’ போல்வனவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ‘இரண்டு புத்தகம்’ என்பது பேச்சிற் குற்றமன்று. எண்ணுப்பெயர் பன்மையைக் காட்டிவிடுகின்றது. ஆங்கிலமோ எண் இருப்பினும் ‘டூ புக்ஸ்’ என்றே கேட்கின்றது.

வினாவாக்கியத்திலும் இத்தகைய இடறல் உண்டு. தமிழ் ‘ஆ’ என்னும் வினாவெழுத்தை ஈற்றிற் சேர்த்து ‘வந்தானா?’ எனும். ஆங்கிலம் ‘டிட்’ என்னும் துணைவினையை முன்னே நிறுத்தி ‘டிட் ஹி கம்?’ எனும். இறந்தகாலத்தைத் துணைவினை ஏற்றுக்கொண்டமையால் முதன்மை வினை தன் இயல்பு வடிவிற்குத் திரும்புகின்றது. ‘டிட் ஹி கேம்?’ என்பது காலத்தை இருமுறை காட்டும் பிழை.

தமிழ் துணை செய்யும் இடங்கள்

ஒப்புமை இடறலை மட்டும் காட்டுவதன்று. உயிரெழுத்தின் முன் ‘ஓர்’ என்றும், ஏனையவற்றின் முன் ‘ஒரு’ என்றும் எழுதப் பழகிய பிள்ளைக்கு ‘எ’, ‘அன்’ என்பவற்றின் விதி புதியதன்று. ‘ஒரு பந்து, ஓர் ஊர்’ என்பது போல ‘எ பால், அன் எக்’ என்றாகும். இங்கே கருதற்குரியது ஒலியே, எழுத்தன்று. நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து மெய்யாயினும் ஒலி உயிர். ஆதலால் ‘அன் அவர்’ என்பதே முறை. ‘யூனிஃபார்ம்’ என்பதன் முதலெழுத்து உயிராயினும் ஒலி யகரம். ஆதலால் ‘எ யூனிஃபார்ம்’ எனல் வேண்டும். தமிழெழுத்தில் ஒலித்தவாறே எழுதிப் பார்ப்பின் இவ்விதி தானே விளங்கும்.

ஒலிப்பிலும் நன்னூல் துணை செய்கின்றது. தமிழில் தனிமெய் மொழிக்கு முதலில் வாராது; வல்லின மெய் மொழிக்கு ஈற்றில் நில்லாது. முதலில் வாரா எழுத்து வரின் ஓர் உயிரை முன்னே பெய்துகொள்வது தமிழ் மரபு; ராமன் ‘இராமன்’ ஆனது அவ்வாறே. ‘ஸ்கூல்’ என்பதனைப் பிள்ளை ‘இஸ்கூல்’ என்பதும், ‘புக்’ என்பதனைப் ‘புக்கு’ என்பதும் இம்மரபின் வழிப்பட்டன. இவற்றை நாக்கின் தடிப்பு என இகழ்தல் அறியாமை. முதலிற் ‘ஸ்’ ஒலியை நீட்டி ஒலித்துப் பின் ‘கூல்’ என்பதனைச் சேர்க்கும் பயிற்சியால் முன்னையது நீங்கும். பின்னையதைத் திருத்துதல் இலக்கணத்திற்கும் இன்றியமையாதது. ஈற்றுமெய்யை ஒலிக்க அறியாத பிள்ளைக்குப் பன்மையின் ‘ஸ்’ விகுதியும் வினையின் ‘ஸ்’ விகுதியும் செவியிற் படா.

தமிழிற் பகரத்திற்கு எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ‘பல்’ என்பதிலுள்ள பகரம் வல்லொலி; ‘தம்பி’ என்பதிலுள்ளது மெல்லெழுத்தை அடுத்தமையால் அதிர்வொலி. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள். ஒன்றை மற்றொன்றாக ஒலித்தாற் பொருள் மாறும். ‘தம்பி’ என்று சொல்லச் செய்து, ஈற்றொலியை மட்டும் பிரித்து, அதனையே சொல்லுக்கு முதலில் வைத்து ஒலிக்கப் பழக்கினால், பிள்ளை புதிய ஒலியைக் கற்பதில்லை. பழைய ஒலியைப் புதிய இடத்தில் வைக்கின்றது.

சொற்பயிற்சி

தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலச் சொல் ஒன்றும் அறியாது வருகின்றது என்பது தவறான கருத்து. அது பிறந்த ‘லயம்’, ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. காலையில் ஆளெடுக்கும் ‘பெரட்டு’, ‘பரேட்’ என்பதிலிருந்து வந்தது. பெயர் பதியும் ‘செக்ரோல்’, கொழுந்து சேரும் ‘ஸ்டோர்’, நகருக்குச் செல்லும் ‘பஸ்’ யாவும் அம்மொழியினவே. மறுபுறம் ‘கங்காணி’, ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’, ‘மிளகுத்தண்ணீர்’ என்பன தமிழிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்த சொற்கள். முதல் வாரத்தில் இத்தகைய சொற்களை மாணவரே தேடித் தொகுக்கச் செய்து, அவற்றின் ஆங்கில ஒலிப்பைக் காட்டுதல் சிறந்த தொடக்கமாகும். தான் முன்னரே அறிந்த சொற்கள் எத்தனை எனக் கண்ட பிள்ளையின் அச்சம் அகலும்.

அடுத்து, எச்சொற்களைக் கற்பிப்பது என்னும் வினா எழும். சீ. கே. ஒக்டன் 1930இல் 850 சொற்களைக் கொண்ட அடிப்படை ஆங்கிலத்தை வகுத்தார். டாக்காவில் வங்காள மாணவரின் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ 2000 சொற்கொண்ட பொதுப்பயன் சொற்பட்டியலை வெளியிட்டார். மிகுதியாக வழங்கும் சொற்களை முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பதே இவ்வறிஞர் முயற்சிகளின் பயன். அரிய சொற்களை மனனம் செய்வித்தல் காட்சிக்கு அழகாகலாம், கைக்கு உதவாது.

சொல்லுக்குச் சொல் பொருளெழுதும் பழக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும். இரு மொழிகளும் உலகை ஒரே வகையாகப் பகுப்பதில்லை. தமிழிற் ‘கை’ என ஒன்றாக வழங்குவதனை ஆங்கிலம் ‘ஹேண்ட்’, ‘ஆர்ம்’ என இரண்டாக்கும். ‘கால்’ என்பதனை ‘லெக்’, ‘ஃபுட்’ எனப் பிரிக்கும். தமிழில் வேறாகிய அரிசியும் சோறும் அங்கே ‘ரைஸ்’ என ஒன்றாகும். மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் ‘அங்கிள்’ ஆவர். கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ இரண்டிற்கும் ‘வீ’ ஒன்றே. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் மரியாதை வேறுபாடும் ‘யூ’ என்பதில் இல்லை. மருந்தை நாம் குடிக்கிறோம், ஆங்கிலேயர் எடுக்கின்றனர். ஆகவே, சொல்லைத் தனியே கற்பியாது, அது வழங்கும் தொடரோடு கற்பித்தல் வேண்டும்.

பயிற்சியின் படிமுறை

படிமுறை என்பது தமிழர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து ஆங்கிலமும் நன்கறிந்த ஆறுமுக நாவலர் (1822–1879), தமிழ்ச் சிறார்க்கெனப் பாலபாடங்களை எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வரிசையில் இயற்றினார். ஆங்கிலத்திற்கும் அவ்வொழுங்கே வேண்டும்.

முதற்படி செவி. ‘எழுந்து நில்’, ‘கதவைத் திற’, ‘புத்தகத்தை எடு’ என்னும் ஏவல்களை ஆசிரியர் ஆங்கிலத்திற் கூற, மாணவர் செய்துகாட்டுவர். இங்கே பேச வேண்டுவதில்லையாதலின் நகைப்புக்கு இடமில்லை. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் முதலாம் வகுப்பிலேயே செயல்வழி வாய்மொழி ஆங்கிலத்தைப் புகுத்தியதன் நோக்கமும் இதுவே.

இரண்டாம் படி வாய். இதற்குச் சிறந்த கருவி பதிலீட்டு அட்டவணை. கரும்பலகையில் மூன்று நிரல்கள் அமைக்க. முதல் நிரலில் ‘ஐ, வீ, யூ, தே’ என நான்கு. இரண்டாம் நிரலில் ‘சீ, லைக், வான்ட்’ என மூன்று. மூன்றாம் நிரலில் ‘எ பால், எ புக், எ பேர்ட், எ மேங்கோ, அன் எக்’ என ஐந்து. பன்னிரண்டு கூறுகளால் அறுபது வாக்கியங்கள் பிறக்கும். அவை அனைத்தும் பிழையற்றவை. பிழை செய்ய இடமில்லாத பயிற்சியிற் பிள்ளை அறுபது முறை வாய் திறக்கின்றது. ‘ஹி, ஷி’ என்பவற்றை முதலிற் சேர்த்தலாகாது. அவை ‘ஸ்’ விகுதியை வேண்டுவன. அவற்றிற்கெனத் தனி அட்டவணை மறுவாரம் அமையும்.

மூன்றாம் படி எழுத்து. மாணவர் அட்டவணையிலிருந்து தமக்கு உண்மையான வாக்கியங்களைத் தெரிந்தெழுதுவர். விரும்பாததனை விரும்புவதாக எழுதலாகாது என்னும் ஒரு நிபந்தனை, பொருளை உணர்ந்து எழுதச் செய்யும். நான்காம் படியிலேயே இலக்கண விதி கூறப்படும். அதுவும் தமிழிற் கூறப்படுதல் நன்று. பழகிய வாக்கியங்களிலிருந்து விதியை மாணவரே கண்டு கூறின் மிக நன்று.

திருத்தும் முறையிலும் அளவு வேண்டும். ஓர் ஏட்டில் இருபது பிழை இருப்பின் இருபதையும் செம்மையிற் கீறுதலாற் பயனில்லை. அவ்வாரம் கற்பித்தது எதுவோ அதன் பிழையை மட்டும் திருத்தி, ஏனையவற்றைத் தம் குறிப்பேட்டில் ஆசிரியர் பதிந்துகொள்ளல் வேண்டும். அக்குறிப்பேடே அடுத்த வாரப் பாடத்தைக் காட்டும்.

முடிபு

இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கரும்பலகையும், கையிற் கிட்டும் பொருள்களும், தமிழிலக்கணம் அறிந்த ஆசிரியரும் போதும். ஆங்கிலம் கற்பிப்போர்க்குத் தமிழறிவு தடை என்றெண்ணிய காலம் ஒன்றிருந்தது. வகுப்பிற் பிள்ளை தமிழ் பேசுதலும் குற்றமெனப்பட்டது. தமிழ் மாணவரின் இடறலை முன்னறிதற்குத் தமிழறிவினும் சிறந்த விளக்கு இல்லை என்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும்.

கம்பளைப் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டு நிற்கின்றது. புசல்லாவைப் பக்கத்திலிருந்தோ தொளஸ்பாகைப் பக்கத்திலிருந்தோ வரும் பிள்ளை அவற்றுள் தமிழ் வரியை எவ்வளவு அச்சமின்றிப் படிக்கின்றதோ, அவ்வளவு அச்சமின்றி ஆங்கில வரியையும் படிக்கும் நாளே ஆங்கிலம் வாளாக இருத்தல் ஒழிந்து கருவியாகும் நாள். அதற்குரிய பணி மூன்றாம் வகுப்பு அறையில், ‘ஹி டீச்சர்’ என்று சொல்லும் பிள்ளையை நகையாது, அதன் தமிழை அறிந்து, ‘இஸ்’ என்னும் ஒரு சொல்லை அதன் வாயில் அன்போடு வைத்தலிலேயே தொடங்குகின்றது.